டிரம் தோலில் தெரியும் பழைய பெயர்

ஆள் மாறுகிறார், பெயர் மாறுகிறது, பாட்டு தொடர்கிறது. ராக் இசைக்குழுக்களின் வாழ்க்கை, ஓசூர் எல்லையிலிருந்து ஒரு பார்வை.

எங்கள் குழுவின் பேஸ் டிரம்முக்கு மூன்று பெயர்கள் இருந்தன. முதலில் இருந்தது அம்மன் பெயர். சைன்போர்டு எழுதும் ஒருவர் சிவப்பு எனாமல் பெயின்ட்டில் வட்டமாக எழுதிக் கொடுத்தார். பாடகருக்குக் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டார். புதுப் பாடகர் வந்தார், புதுப் பெயர் கேட்டார். தின்னர் ஊற்றித் துடைத்துவிட்டு ஓர் ஆங்கிலச் சொல்லை ஸ்டிக்கராக வெட்டி ஒட்டினோம். இரண்டு வருடம் கழித்து கீபோர்டுக்காரர் தனியாகக் குழு ஆரம்பித்தார். பெயரும் தன்னுடையது என்றார். ஸ்டிக்கரை உரித்தோம், மூன்றாவது பெயர் வந்தது.

அந்த வருடம் ஆயுதபூஜைக்கு ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி வாசலில் கச்சேரி. வழக்கம்போல் ஒரு ராஜ்குமார் பாட்டு, ஒரு சிரஞ்சீவி பாட்டு, மீதி இளையராஜா. இந்த எல்லையில் மூன்று மொழியிலும் பாடாமல் மேடையை விட்டு இறங்க முடியாது. டிரம்முக்குப் பின்னால் யாரோ ஃபோகஸ் லைட்டைத் திருப்பி வைத்தார்கள். வெள்ளைத் தோல் அரிக்கேன் கண்ணாடி போல ஒளிர்ந்தது. மூன்றாவது பெயருக்கு அடியில் ஸ்டிக்கரின் பசைத் தடம். அதற்கும் அடியில், மங்கிய சிவப்பில், அம்மன் பெயர். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் அந்த முதல் பெயரைச் சொல்லித்தான் கைதட்டினார்.

ரிதம் பேடுக்குப் பின்னால் நின்ற எனக்கு அன்று ஒன்று உறைத்தது. இப்போது மேடையில் நிற்பவர்களோடு இருந்துவிட்டுப் போனவர்களையும் சேர்த்தால்தான் அது குழு. பிறகு பல வருடம் ராக் இசைக்குழுக்களின் கதைகளைத் தேடிப் படித்தபோது அதுவே உறுதிப்பட்டது. போனவர்களின் பெயரை அழிக்காமல் வைத்துக்கொள்ளத் தெரிந்த குழுக்கள் நீண்ட நாள் வாழ்ந்திருக்கின்றன.

பலகை மாறும் ஊர்

பெயர் மாறுவது ஓசூர்க்காரர்களுக்குப் புதிதில்லை. 1980-ல் இங்கிருந்து புறப்பட்ட மொபெட்தான் டிவிஎஸ் 50. பிறகு ஜப்பானின் சுசுகியோடு கூட்டு, டிவிஎஸ்-சுசுகி என்று பலகை. 2001-ல் இருவரும் பிரிந்தபின் டிவிஎஸ் மோட்டார். வண்டி எக்ஸ்எல் ஆனது, எக்ஸ்எல் 100 ஆனது. இன்றைக்கும் சந்தைக்குக் கொத்தமல்லிக் கட்டு ஏற்றிப் போகிறவர் அதை ‘டிவிஎஸ் ஃபிப்டி’ என்றுதான் சொல்கிறார்.

டைட்டன் கதையும் அப்படித்தான். டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய கம்பெனி. டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு இரண்டின் முன்னெழுத்துகளையும் சேர்த்ததுதான் டைட்டன் என்ற பெயர். டைட்டன் வாட்சஸ், டைட்டன் இண்டஸ்ட்ரீஸ், டைட்டன் கம்பெனி என்று பின்பாதி மாறிக்கொண்டே வந்தது. தொடங்கி வைத்த இருவரும் முன்பாதியில் அப்படியே இருக்கிறார்கள்.

ஆனால் ஆட்கள்? கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இந்தத் தொழிற்பட்டியில் இளைஞர்கள் அப்ரெண்டிஸாக வருகிறார்கள், கான்ட்ராக்ட்டில் வருகிறார்கள், காலம் முடிந்ததும் கிளம்புகிறார்கள். தேன்கனிக்கோட்டையிலிருந்து, அரூரிலிருந்து, ஒடிசாவிலிருந்து, ஜார்க்கண்டிலிருந்து. ஏ ஷிப்ட் காலை, பி ஷிப்ட் மாலை, பிறகு நைட். வாரா வாரம் சுற்றும். ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவில் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் விழித்திருந்து, ஒரே நேரத்தில் ஓய்வாக இருப்பது ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும்தான். அதுவும் ஓவர்டைம் இல்லையென்றால். இங்கே ஒரு ராக் குழு உடைவதற்குச் சண்டை வேண்டாம், ஷிப்ட் பட்டியல் போதும்.

மூன்றேகால் கணக்கு

ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கிருந்து பெங்களூரு. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். இந்தியாவில் ராக் இசைக்குப் பெரிய மேடைகள் கிடைத்த ஊர் அது. 2003-ல் ரோலிங் ஸ்டோன்ஸ், 2007-ல் அயர்ன் மெய்டன், 2011-ல் மெட்டாலிகா, மூன்றும் அங்கே அரண்மனை மைதானத்தில் நடந்தன.

அந்த ஊரில் 1996-ல் நண்பர்கள் நால்வர் ஒரு குழு தொடங்கினார்கள். மூவர் முழு மலையாளிகள், நான்காமவர் கால் மலையாளி. ‘த்ரீ மல்’ என்ற விளையாட்டுச் சொல் ‘தெர்மல்’ ஆகி, ‘தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்’ என்று பெயர் விழுந்தது. மூன்றேகால் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஆட்களை எண்ணியே வைத்த பெயர்!

புரூஸ் லீ மணி கிதார் வாசித்துப் பாட, ராஜீவ் ராஜகோபால் டிரம்ஸ், ரூட் டேவிட் பேஸ் கிதார். இணையம் நம் ஊர்களில் பரவத் தொடங்கிய 2000-ல் தங்கள் இணையதள முகவரியையே முதல் ஆல்பத்துக்குப் பெயராக வைத்தார்கள். 2002-ல் ‘ஜூபிடர் கஃபே’, 2005-ல் ‘பிளான் பி’, 2008-ல் ‘திஸ் இஸ் இட்’. அதன்பின் ரூட் டேவிட் விலகினார், பிரகாஷ் கே.என். வந்தார். 2012-ல் பெங்களூரு ஆட்டோரிக்‌ஷாவை மையமாக வைத்து ‘3 வீல்ஸ் 9 லைவ்ஸ்’ என்று மூன்று வட்டுகள் கொண்ட ஆல்பம். 2020-ல் ‘எ வேர்ல்டு கான் மேட்’. இடையில் டாக்காடமி என்று இசைப்பள்ளியும் தொடங்கினார்கள்.

கால் நூற்றாண்டில் ஆட்கள் மாறினார்கள், பெயரில் இருந்த கணக்கு பொருந்தாமல் போனது. ஆனால் பெயரை யாரும் திருத்தவில்லை. முதல் நாள் அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. புதிதாக வரும் ஒவ்வொருவரும் பெயரின் கதையைக் கேட்டுத்தான் உள்ளே வர வேண்டியிருக்கிறது. அதாவது, போனவர்களைத் தெரிந்துகொண்டுதான்.

உள்ளே எரியும் நெருப்பு

இதற்கு நேர்மாறான பாதை ரகு தீட்சித்துடையது. மைசூருவில் வளர்ந்து நுண்ணுயிரியலும் பரதநாட்டியமும் படித்தவர். வயலின் கலைஞர் ஹெச்.என்.பாஸ்கரோடு சேர்ந்து அவர் தொடங்கிய குழு ‘அந்தராக்னி’. உள்ளே எரியும் நெருப்பு என்று பொருள். கன்னட நாட்டுப்புற மெட்டும் கிதாரும் கலந்த அந்தக் குழு சில வருடங்களில் பிரிந்தது. அதன்பின் அவர் அமைத்ததுதான் ‘தி ரகு தீட்சித் ப்ராஜெக்ட்’.

பெயரைக் கவனியுங்கள். ஒரு ஆளின் பெயர், கூடவே ‘ப்ராஜெக்ட்’. நிலையான உறுப்பினர் பட்டியல் கிடையாது, கலைஞர்கள் வரலாம், வாசிக்கலாம், போகலாம். கதவு திறந்தே இருக்கும் என்று பலகையிலேயே எழுதிவிட்டதுபோல ஓர் ஏற்பாடு. உடைந்த குழுவிலிருந்து அவர் கற்ற பாடம் அது என்று நான் நினைக்கிறேன்.

2008-ல் புதிய குழுவின் முதல் ஆல்பம் வந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் ‘அந்தராக்னி’. இல்லாமல் போன குழுவின் பெயர் புதுக் குழுவின் முதல் அட்டையில்! பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கன்னடக் கவிஞர் சிசுநாள ஷரீஃபின் பாடல்கள் அந்த ஆல்பத்தில் ராக் தாளத்தில் ஒலித்தன. பெங்களூரு எஃப்எம் ஓசூரில் தெளிவாகக் கேட்கும். ஷரீஃப் யாரென்று தெரியாத எங்கள் ஊர் மெக்கானிக் கடைகளிலும் அந்தப் பாட்டுகள் ஓடின. 2010-ல் இங்கிலாந்தில் பிபிசியின் ஜூல்ஸ் ஹாலண்ட் நிகழ்ச்சி வரை அந்தக் குழு போனது.

தெர்மல் பெயரைக் காத்தது, ஆட்களை மாற்றிக்கொண்டது. ரகு தீட்சித் பெயரை மாற்றினார், பழைய பெயரைப் பத்திரமாக எடுத்து வைத்தார். இரண்டு வழியிலும் யாரும் தின்னர் எடுக்கவில்லை.

கஜூர் ரோடு வீடு

ஆள் மாறுவதில் மிகக் கொடியது மரணம். டெல்லியின் ‘இந்தியன் ஓஷன்’ குழு அதைச் சந்தித்தது.

கிதார் வாசிக்கும் சுஸ்மித் சென்னும், தபலா வாசித்தபடியே பாடும் அஷீம் சக்ரவர்த்தியும் 1984-ல் சந்தித்தார்கள். 1990-ல் குழுவுக்குப் பெயர் வந்தது. 1991-ல் ராகுல் ராம் பேஸ் கிதாரோடு சேர்ந்தார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, நர்மதை அணைக்கு எதிரான இயக்கத்தில் வேலை செய்துவிட்டு வந்தவர். 1994-ல் டிரம்ஸுக்கு அமித் கிலம். இந்த நால்வர் கூட்டணி பதினைந்து வருடம் அசையவில்லை. 2000-ல் வந்த ‘கந்திசா’ ஆல்பத்தின் தலைப்புப் பாடல், கேரள சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய அரமேய வழிபாட்டுப் பாடல். அது இந்தியா முழுவதும் கல்லூரி மாணவர்களின் பாட்டானது.

2009 டிசம்பர் 25 அன்று அஷீம் மாரடைப்பால் இறந்தார். ஒரு குழுவின் குரலே போய்விட்டால் என்ன செய்வது? மேடைக் குழுவில் இருந்தவர்களுக்குத் தெரியும், பாடகர் மாறினால் ஸ்கேல் மாறும். ஸ்கேல் மாறினால் கிதார்க்காரரின் விரலமைப்பு மாறும், பாட்டின் நிறமே மாறும். தபலாவும் குரலும் ஒரே உடம்பிலிருந்து வந்த குழுவில் இழப்பு இரட்டிப்பு. அந்த இடத்தில் ஒருவரை வைக்க அவர்களால் முடியவில்லை, இருவர் வந்தார்கள். பாட ஹிமான்ஷு ஜோஷி, தபலாவுக்கு துஹீன் சக்ரவர்த்தி.

2010-ல் அவர்கள் வெளியிட்ட ஆல்பத்தில் அஷீமின் குரல் இருந்தது. ஆல்பத்தின் பெயர் ‘16/330 கஜூர் ரோடு’. டெல்லி கரோல் பாகில் அவர்கள் வருடக்கணக்காகப் பயிற்சி செய்த பழைய வீட்டின் முகவரி. பாட்டுகளை இணையத்தில் இலவசமாகவே தந்தார்கள். 2013-ல் தொடங்கியவரான சுஸ்மித் சென்னும் விலகினார், நிகில் ராவ் வந்தார். இன்று அந்தக் குழுவில் 1984-ன் இருவரில் ஒருவரும் இல்லை. ஆனாலும் அது இந்தியன் ஓஷன்தான். ராகுல் ராமும் அமித் கிலமும் அந்த வீட்டில் கற்றதை நிகிலுக்கும் ஹிமான்ஷுவுக்கும் கைமாற்றிக் கொடுத்தபடி இருக்கிறார்கள்.

மார்க் 1, மார்க் 2

யார் எப்போது குழுவில் இருந்தார்கள் என்று கணக்கு வைக்க மேலை நாட்டு ரசிகர்கள் ஒரு நல்ல வழி கண்டார்கள். ‘ரவுண்டபவுட்’ என்ற பெயரில் 1968-ல் இங்கிலாந்தில் தொடங்கி, சில வாரங்களில் ‘டீப் பர்ப்பிள்’ ஆன குழுவை அவர்கள் எஞ்சின் மாடல் போல எண்ணுகிறார்கள். மார்க் 1, மார்க் 2, மார்க் 3 என்று. 1969-ல் பாடகர் ராட் எவான்ஸும் பேஸ் வாசித்த நிக் சிம்ப்பரும் போய், இயான் கில்லனும் ராஜர் குளோவரும் வந்தது மார்க் 2. தொடக்கம் முதல் இன்றுவரை மாறாதவர் டிரம்ஸ் வாசிக்கும் இயான் பெய்ஸ் ஒருவரே. மாடல் எண் போட்டு வைத்ததால் எந்த ஆல்பத்தில் யார் உழைத்தார்கள் என்பது மறக்கவே முடியாது.

பெயர் தவறான கையில் சிக்கிய கதையும் இதே குழுவில் உண்டு. குழு கலைந்திருந்த 1980-ல், ராட் எவான்ஸை மட்டும் வைத்துக்கொண்டு சிலர் ‘டீப் பர்ப்பிள்’ என்று விளம்பரம் செய்து கச்சேரி நடத்தினார்கள். வழக்கு நடந்தது. 6,72,000 டாலர் இழப்பீடு தர அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

‘பிங்க் ஃபிளாய்ட்’ கதை மனதைப் பிசையும். சிக்மா 6, டீ செட் என்று பெயர்கள் மாறி வந்த குழுவுக்கு, பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்களின் பெயர்களைச் சேர்த்து வைத்தவர் சிட் பாரெட். மனநலம் குன்றி 1968-ல் அவர் விலக நேர்ந்தது. 1975 ஜூனில் லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் அவரை நினைத்து எழுதிய பாட்டுக்கு மற்றவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தலையும் புருவமும் மழித்த, உடல் பருத்த ஒருவர் உள்ளே வந்து நின்றார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தெரிந்தபோது அழுதார்கள். ஏழு வருடம் கழிந்தும் பாட்டில் அவருக்கு இடம் இருந்தது. பிற்பாடு அதே குழு, ரோஜர் வாட்டர்ஸ் 1985-ல் விலகியபின், பெயர் யாருக்கு என்று வழக்கறிஞர்கள் வரை போனது.

சென்னையில் கரைந்த பெயர்கள்

டைட்டன் விளம்பர இசை ஞாபகம் இருக்கிறதா? மொஸார்ட்டின் 25-ஆவது சிம்பொனியிலிருந்து எடுத்த அந்த மெட்டை விளம்பரத்துக்காக அமைத்தவர், அப்போது திலீப் என்ற பெயரில் இருந்த ஏ.ஆர்.ரஹ்மான். ஓசூரில் செய்த கடிகாரத்தைத் தமிழ்நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது, ராக் குழுக்களில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த ஒரு சென்னைப் பையனின் கை.

சிவமணி, ஜான் ஆண்டனி, சுரேஷ் பீட்டர்ஸ், ஜோஜோ, ராஜா ஆகியோரோடு ‘ரூட்ஸ்’ என்ற குழுவில் அவர் இருந்தார். ‘நெமிசிஸ் அவென்யூ’ என்ற ராக் குழுவைத் தொடங்கினார். 1992-ல் ‘ரோஜா’ வந்தது. ரஹ்மானை உலகம் அறிந்தது. சிவமணியை அறிந்தது. சுரேஷ் பீட்டர்ஸை ‘பேட்டை ராப்’ பாடியவராக அறிந்தது. ஆனால் அந்தக் குழுக்களின் பெயரை இன்று பத்து பேரிடம் கேட்டால் ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம். நம் ஊரில் சினிமா என்ற பெரிய ஆற்றில் எல்லாக் குழுவும் கலந்துவிடும். நீர் மிஞ்சும், ஓடையின் பெயர் மிஞ்சாது.

அதற்கு முந்தைய தலைமுறையில் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தம்பிகளோடு ஆர்மோனியம் தூக்கிக்கொண்டு கம்யூனிஸ்ட் மேடைகளுக்கு ஊர் ஊராகப் போனார். அந்தப் ‘பாவலர் பிரதர்ஸ்’ குழுவிலிருந்து வந்தவர்கள்தான் இளையராஜாவும் கங்கை அமரனும். அண்ணன் பெயரைத் தம்பிகள் விடவில்லை. தங்கள் படக் கம்பெனிக்கு ‘பாவலர் கிரியேஷன்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள்.

இதைவிடப் பழைய முன்மாதிரி நம் வடமாவட்டங்களிலேயே இருக்கிறது. கூத்துக் குழுவை இங்கே ஜமா என்பார்கள். செய்யாறு பக்கம் புரிசையில் உள்ள குழுவின் பெயர் ‘புரிசை துரைசாமி கண்ணப்பத் தம்பிரான் பரம்பரைத் தெருக்கூத்து மன்றம்’. ஊர், முன்னோர், வாத்தியார் என்று எல்லோரும் அந்தப் பெயருக்குள் இருக்கிறார்கள். ஆள் போகப் போகப் பெயர் நீண்டிருக்கிறது, ஒருவரும் அழிக்கப்படவில்லை. பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கி, 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவும் அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லிலிருந்துதான் தன் பெயரை எடுத்துக்கொண்டது. அதில் பாடிய இசைவாணியும் அறிவும் தனியாகப் புகழ் பெற்றபின்னும் அந்தக் கூட்டுப் பெயர் நிற்கிறது.

மூக்கண்டப்பள்ளி, ஞாயிற்றுக்கிழமை

சில வாரங்களுக்கு முன் மூக்கண்டப்பள்ளியில் ஒரு வாடகை அறைக்குப் போயிருந்தேன். ஷீட் கூரை. சுவர் முழுக்க முட்டை அட்டை. எங்கள் பழைய பேஸ் டிரம்மை வாங்கிய பையன்கள் அங்கே பயிற்சி செய்கிறார்கள். டிரம்ஸ் வாசிப்பவர் சிஎன்சி ஆபரேட்டர், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருந்தார். கிதார்க்காரர் தேன்கனிக்கோட்டை. பேஸ் கிதார் ஒடிசாப் பையன், கான்ட்ராக்ட் முடிந்து அடுத்த மாதம் ஊருக்குப் போகிறார்.

அவர் பக்கத்தில் புதிய பையன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். போகிறவர் வருகிறவரின் விரலைப் பிடித்து இரண்டாவது கம்பியில் வைத்தார். “அண்ணா, இங்க வெயிட் பண்ணணும். டிரம்மு வந்த அப்புறம்தான் இறங்கணும்” என்றார், பாதித் தமிழிலும் பாதி இந்தியிலும். நாலைந்து தடவை தவறியது. ஆறாவது தடவை இறங்கியது. ஒருவர் கிளம்பும்போது தன் இடத்தைத் தானே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவதைவிட ஒரு குழுவுக்கு வேறென்ன பாக்கியம் வேண்டும்?

அதற்குள் பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டிவிட்டார். முட்டை அட்டை எதிரொலியைக் குறைக்குமே தவிர, சத்தம் வெளியே போவதைத் தடுக்காது. அதற்குக் கனமான இரட்டைச் சுவரும் காற்றுப் புகாத கதவும் வேண்டும். பேஸ் அதிர்வு ஷீட் கூரையைத் தாண்டித் தெருமுனை வரை போகும். அந்தம்மாவும் ஷிப்ட் முடித்துத் தூங்க வேண்டியவர்தான். இருவர் மீதும் தப்பில்லை. இடம் இல்லை என்பதுதான் தப்பு.

இந்தியன் ஓஷனுக்கு ஒரு கஜூர் ரோடு வீடு கிடைத்தது. 2019-ல் மாநகராட்சி ஆன ஓசூரில், இத்தனை ஆலைகள் இருக்கும் ஊரில், மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துச் சத்தமாக வாசிக்க ஒரு பொதுப் பயிற்சிக்கூடம் வேண்டும். மாநகராட்சி, சிப்காட், ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதி, யார் கட்டினாலும் சரி. கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி மேடையில் உள்ளூர்க் குழுவுக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள்.

குழு வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. பெயர் வைக்கும் அன்றே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: ஒருவர் போனால் பெயர் யாருக்கு, பாட்டு யாருக்கு, சாமான் யாருக்கு. வணிக முத்திரைச் சட்டத்தில் 41-ஆம் வகுப்பின் கீழ் குழுவின் பெயரைப் பதிவு செய்யலாம். பதிப்புரிமைச் சட்டம் வாசித்தவருக்கும் பாடியவருக்கும் நிகழ்த்துநர் உரிமையை 50 ஆண்டுகளுக்குத் தருகிறது. யூடியூபில் பாட்டுப் போடும்போது, இப்போது இல்லாதவராக இருந்தாலும், வாசித்தவர் பெயரை எழுதுங்கள். எங்கள் முதல் பாடகரின் குரலில் இருந்த கேசட்டில் அவர் பெயரை நாங்கள் எழுதவில்லை. இன்றுவரை எனக்கு அது உறுத்துகிறது.

கிளம்பும்போது டிரம்ஸ் வாசிப்பவர் கேட்டார்: “சார், எங்களுக்கு இன்னும் பேரு முடிவாகல. பழைய பெயின்ட்டு லைட்டுல தெரியுது. தின்னர் போட்டா போயிடுமா?”

“பேரு வச்சதும் ஒரு போன் பண்ணுப்பா. பெயின்ட் நான் வாங்கித் தர்றேன். அம்மன் பேருக்குக் கீழ இடம் இருக்கு, அங்க எழுது” என்றேன். “தின்னர் மட்டும் வேண்டாம்.”